மருந்து போட்டு வயிற்று சி.டி.: முதல்முறை எடுக்கப் போகிறவர்களுக்கு

வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிய சீட்டோடு எங்கள் கவுன்டரில் வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது ரேட். அடுத்த கேள்வி, “ஊசி போட்டா எடுப்பீங்க?” கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். நாகர்கோவிலில் சி.டி. டெக்னீஷியனாகப் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். அந்தப் பயத்தைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் எனக்குக் கவலை தருவது வேறொன்று. எங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமலே மேஜையில் ஏறிப் படுத்துவிடுகிறார்கள். படிவத்தில் வேகமாக ‘இல்லை, இல்லை’ என்று டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். எதை, எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதப் போகிறேன்.

முதலில் சீட்டைப் பாருங்கள்

‘சி.இ.சி.டி. அப்டமன்’ என்றிருந்தால், உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி எடுப்பது. ‘பிளெயின்’ என்றோ ‘கே.யு.பி.’ (கிட்னி, மூத்திரக் குழாய், மூத்திரப்பை) என்றோ இருந்தால் பெரும்பாலும் மருந்து கிடையாது. மூத்திரக்கல்லைப் பார்க்க மருந்து வேண்டாம். கல் தானாகவே வெள்ளையாகத் தெரியும். மருந்து போட்டால் மூத்திரக் குழாயில் இறங்கும் மருந்தும் வெள்ளையாகி, சின்னக் கல் அதற்குள் மறைந்துபோகும். கணையத்தில் படியும் கல்லும் அப்படித்தான், பிளெயினிலேயே தெரிந்துவிடும். ஆகவே “எனக்கு மட்டும் ஏன் ஊசி இல்லாம எடுத்தாங்க” என்று யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

கட்டி, சீழ், குடல் வீக்கம், கணைய அழற்சி, ரத்தக்குழாய் அடைப்பு இதையெல்லாம் தேடும்போது மருந்து வேண்டும். மருந்தில்லாத படத்தில் கல்லீரலும் அதற்குள் இருக்கும் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். எது எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் பேச்சிப்பாறைத் தண்ணீரைச் சொல்வேன். அணையைத் திறந்தால் தண்ணீர் முதலில் பெரிய சானலில் ஓடும். அப்புறம் கிளைச் சானலில். அப்புறம் வயலில் பரவி, கடைசியில் வடிகாலில் இறங்கும். கையில் ஏற்றும் மருந்தும் அதே மாதிரிதான். 25 முதல் 35 விநாடிக்குள் தமனிகளில் நிறைந்திருக்கும். 70 விநாடி வாக்கில் கல்லீரல், மண்ணீரல் எல்லாம் நனைந்திருக்கும். சில நிமிஷம் கழித்து மூத்திரக் குழாயில் இறங்கும். எந்த நேரத்தில் படம் பிடிக்கிறோமோ, அந்த நேரத்து ஓட்டம்தான் தெரியும்.

கல்லீரலுக்கு ரத்தம் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்து ரத்தம் இழுக்கிறது. அதனால் முதல் படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும், பிந்தைய படத்தில் அது மங்கி, சுற்றியுள்ள கல்லீரல் வெளுத்திருக்கும். ‘டிரைஃபேசிக்’ என்று எழுதி மூன்று முறை எடுக்கச் சொல்வது இதற்காக.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை வருகிறது. டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு, “எதைத் தேடி எடுக்கச் சொல்றீங்க, அதையும் சீட்டில் எழுதிடுங்க டாக்டர்” என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ‘வயிற்று வலி’ என்று வரும் சீட்டை வைத்துக்கொண்டு எத்தனை ஓட்டம் (எத்தனை முறை படம்) எடுப்பது, எந்த விநாடியில் எடுப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கும், படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டுக்கும் சிரமம். பழைய ஆபரேஷன், பழைய ஸ்கேன் இருந்தால் அந்தப் பேப்பர்களையும் கையோடு கொண்டுவாருங்கள்.

எங்கே எடுப்பது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையில் எடுத்தால் வெளியைவிடச் செலவு குறைவு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டம் பக்கமும் தனியார் மையங்கள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அது இந்த ஸ்கேனுக்குச் செல்லுமா என்பதை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்து முடித்தபிறகு கேட்டுப் பயனில்லை. சிகிச்சை திருவனந்தபுரத்தில்தான், ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ மெடிக்கல் காலேஜிலோ என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால், இங்கே எடுத்த படத்தை அங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று அங்குள்ள டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே வாரத்தில் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தடவை மருந்தும் கதிரும் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்கு வருத்தமாக இருக்கும்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வயிற்று ஆபரேஷன் செய்த டாக்டர் சாமர்வெல்லை நம் பாட்டா பாட்டிமார் பலருக்குத் தெரியும். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். அவர் காலத்தில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய, பல நேரம் திறந்து பார்த்தாக வேண்டும். உலகத்தில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுத்ததே 1971-ல், லண்டனில், அதுவும் தலைக்கு. இன்று நம் ஊரிலேயே சில விநாடியில் வயிறு முழுக்கப் படம் வந்துவிடுகிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

கிட்னி: ரிசல்ட் கையில் இல்லாமல் வராதீர்கள்

கையில் ஏற்றும் மருந்து அயோடின் கலந்தது. உடம்பில் அது எங்கும் தங்காது. கிட்னி நன்றாக இருப்பவர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் 24 மணி நேரத்துக்குள் மூத்திரத்தில் வெளியேறிவிடும். வெளியேற்றும் வேலை கிட்னியுடையது என்பதால்தான் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேட்கிறோம். “போன வருஷம் பார்த்தேன், நார்மல்” என்பது போதாது. அண்மையில் எடுத்த ரிசல்ட் வேண்டும்.

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். என்று இன்னொரு எண் இருக்கிறது. அதுதான் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைச் சொல்லும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் 30 வயது ஆளுக்கும், அவர் வீட்டில் இருக்கும் 75 வயது பாட்டிக்கும் கிரியேட்டினின் ஒரே மாதிரி 1.4 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அந்த ஆளுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 70-ஐ ஒட்டி வரும். பாட்டிக்கு 40-க்குக் கீழே இறங்கிவிடும். லேப் ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லை என்றால் ஸ்கேன் மையத்தில் கணக்குப் போடச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

30-க்குக் கீழே இருந்தாலோ, கிட்னி திடீரென்று பழுதான நிலையில் இருந்தாலோ, அங்கேதான் யோசனை வேண்டும். அப்போதும் ‘எடுக்கவே கூடாது’ என்று அர்த்தமில்லை. உயிர் போகிற அவசரம் என்றால் டாக்டர்கள் எடுக்கச் சொல்வார்கள். வேறு வழி இருந்தால் அல்ட்ராசவுண்டோ, மருந்தில்லாத சி.டி.யோ, எம்.ஆர்.ஐ.யோ பார்ப்பார்கள். முடிவு உங்கள் டாக்டரும் ரேடியாலஜிஸ்டும் பேசி எடுப்பது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலும் சொல்ல வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது கிட்னி பலவீனமாக இருக்கும். வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் தாமாக வாங்கிப் போட்ட மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மறைக்காதீர்கள். நாங்கள் யாரையும் திட்டப் போவதில்லை.

ஷுகர் மாத்திரை தனிக் கதை. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ஸ்கேனுக்கு நிறுத்த வேண்டுமா? ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் இருந்து, கிட்னியில் புதிதாகப் பிரச்சினை எதுவும் இல்லை என்றால் நிறுத்தத் தேவையில்லை என்பது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி என்ற ரேடியாலஜிஸ்டுகள் அமைப்பின் வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் ஸ்கேன் நேரத்திலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, கிட்னியை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் எல்லோரையும் இரண்டு நாள் நிறுத்தச் சொல்லும் பழைய வழக்கம் இருக்கிறது. உங்களுக்கு என்ன சொன்னார்களோ, அதை ஷுகர் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லி, இடைப்பட்ட நாளில் என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“நான் மெட்ஃபார்மின் சாப்பிடலியே” என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு மருந்தோடு சேர்ந்து சின்ன எழுத்தில் அது இருக்கும். ஆகவே மாத்திரைப் பெயரை வாயால் சொல்லாமல் அட்டைகளையே ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

மீன் அலர்ஜியும் அயோடினும்

கடலோரத்தில் முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் கடியப்பட்டணத்திலிருந்தும் வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “எனக்கு றால் ஒத்துக்காது. அயோடின் ஊசி போடலாமா?” மீன், றால், நண்டு சாப்பிட்டால் அரிப்பு வருகிறது என்றால், அது அந்த உயிரியின் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புண்ணுக்குப் போடும் பெட்டாடின் ஒத்துக்கொள்ளாததும் அப்படித்தான். றால் அலர்ஜி இருக்கிறது என்பதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். படிவத்தில் எழுதுங்கள், அது போதும்.

எழுதியே ஆக வேண்டியது இன்னொன்று இருக்கிறது. சில வருஷம் முன்பு ஒருத்தர் வந்தார். கடல் தொழில், ஐம்பது வயதுக்கு மேல், நல்ல உடல்வாகு. றால் அலர்ஜியை மூன்று தடவை சொன்னார். வேறு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மருந்து ஏற்றி மூன்று நிமிஷத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அண்ணன் இருமத் தொடங்கினார். டாக்டர் உடனே வந்து ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. தெளிந்து உட்கார்ந்தபிறகுதான் சொல்கிறார்: “கொச்சியில வச்சு நெஞ்சுக்கு ஆஞ்சியோ பண்ணும்போதும் இப்படித்தான் தடிச்சுது தம்பி. இது வயித்துக்கு உள்ளதுதானே, அது எதுக்குன்னு சொல்லல.” ஆஞ்சியோகிராமுக்குப் போடுவதும் இதே அயோடின் மருந்து என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நானும் ‘ஆஞ்சியோ பண்ணியிருக்கீங்களா’ என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒருத்தரிடமும் அதைக் கேட்காமல் விடுவதில்லை.

ஆகவே நன்றாக யோசித்துப் பாருங்கள். இதற்கு முன்பு ஸ்கேன், ஆஞ்சியோ, கிட்னிக்கு மருந்து போட்டு எடுத்த எக்ஸ்ரே என்று எதற்காவது கையிலோ தொடையிலோ மருந்து ஏற்றியபோது தடிப்பு, மூச்சுமுட்டல், மயக்கம் வந்திருந்தால் அதுதான் மிக முக்கியமான தகவல். வந்திருந்தால் வழி இருக்கிறது. வேறு கான்ட்ராஸ்ட் மருந்துக்கு மாற்றுவார்கள். முந்தின நாளிலிருந்தே ஸ்டீராய்டு மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும் கொடுத்துத் தயார் செய்வார்கள். 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்துக்கு முன்பு என்று மாத்திரை கொடுப்பது பரவலாகப் பின்பற்றும் முறை. அதனால்தான் மேஜையில் படுத்தபிறகு சொன்னால் அன்றைக்கு எடுக்க முடியாமல் திருப்பி அனுப்ப நேரிடுகிறது. போனில் நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் அப்போதே சொல்லுங்கள்.

“டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துட்டு எடுங்க” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் தோலில் கொஞ்சம் குத்திப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றால், முழு மருந்துக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. அந்தச் சின்ன அளவே சிலருக்கு எதிர்வினை தந்ததும் உண்டு. நிம்மதி தர வேண்டியது அறையில் டாக்டர் இருக்கிறாரா, அவசர மருந்தும் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான். அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

எத்தனை பேருக்கு இப்படி வரும்? இப்போது போடுவது ‘நான்-அயானிக்’ என்ற வகை. ஜப்பானில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1990-ல் வெளிவந்தது. அதில் இந்த வகை மருந்துக்குக் கடுமையான எதிர்வினை 0.04 சதவீதம், அதாவது பத்தாயிரம் பேரில் நான்கு பேர். பழைய வகை மருந்துக்கு அது 0.22 சதவீதம்.

ஸ்கேன் நாள்

பெரும்பாலான மையங்களில் நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். இப்போதைய மருந்துகளுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று புதிய வழிகாட்டுதல்கள் சொன்னாலும், வயிறு நிறைந்திருந்தால் படத்தில் இரைப்பை சரியாகத் தெரியாது என்பதால் எங்கள் மையத்திலும் கேட்கிறோம். சாப்பிடாமல் வருவது என்றால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நினைத்து, காலையிலிருந்து வறண்டுபோய் வருகிறவர்கள் நிறைய. அது தவறு. வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் கொஞ்சம் தண்ணீரோடு வழக்கம்போல.

இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் மிகக் கவனம். காலையில் ஊசியையும் போட்டுவிட்டு, ஸ்கேனுக்காகச் சாப்பிடாமல் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வந்தால் ஷுகர் இறங்கிவிடும். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு அம்மா வேர்த்து விறுவிறுத்து, கேட்டதற்குக் குழறிக்குழறிப் பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸ் கொடுத்ததும்தான் முகம் தெளிந்தது. முந்தின நாளே ஷுகர் டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தவரை காலையில் முதல் நேரத்தை வாங்குங்கள். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

தளர்வான உடையில் வாருங்கள். வயிற்றுக்கு நேராக உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பெல்ட், கொக்கி, சேஃப்டி பின், சாவி எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். பலரும் மறப்பது வெள்ளி அரைஞாண். அது படத்தில் சூரியக் கதிர் மாதிரி கோடு கோடாக விழுந்து, சரியாகப் பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும். கழற்ற முடியாமல் முடிச்சு இறுகிப்போயிருந்தால் வீட்டிலேயே தளர்த்திக்கொண்டு வாருங்கள். நகையை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது.

கர்ப்பமாக இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் முதலில் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத பெண்ணிடமும் இதைக் கேட்போம், கூட வந்த அம்மா கோபப்பட வேண்டாம். மாதவிலக்குத் தேதியைக் கேட்பது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. பால் கொடுக்கும் தாய்மார் நிறுத்த வேண்டியதில்லை. தாய்க்கு ஏற்றிய மருந்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாலில் சேரும், அதிலும் மிகச் சொற்பமே குழந்தையின் உடம்பில் ஏறும். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களும், தைராய்டுக்கு ரேடியோ அயோடின் சிகிச்சை எடுக்கப் போகிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்து ஏறினால் அந்தச் சிகிச்சையைச் சில வாரம் தள்ளிவைக்க நேரிடும். சமீபத்தில் பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

குடிக்கும் மருந்து

ஊசி மருந்து தவிர, குடலைப் பிரித்துக் காட்ட வாய்வழியாகவும் ஒன்று கொடுப்பதுண்டு. சில இடங்களில் வெறும் தண்ணீர், சில இடங்களில் மானிட்டால் கலந்த தண்ணீர், சில இடங்களில் அயோடின் மருந்தையே நிறையத் தண்ணீரில் கலந்தது. ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. மடமடவென்று குடித்தால் வாந்தி வரும். கடைசி டம்ளரை மேஜையில் ஏறுவதற்குச் சற்று முன்புதான் கொடுப்போம், அதைக் குடிக்காமல் ஒளித்துவைக்காதீர்கள்.

மானிட்டால் லேசாக இனிக்கும். குடித்த சில மணி நேரத்துக்குள் பலருக்கு வயிற்றால் போகும். பயப்பட ஒன்றுமில்லை, தானாக நிற்கும். ஆனால் பஸ்சில் களியக்காவிளைக்கோ ஆறுகாணிக்கோ போக வேண்டியவர் அதைத் தெரியாமல் ஏறிவிட்டால் வழியில் படும் பாடு இருக்கிறதே! மையத்திலேயே அரை மணி நேரம் அதிகமாக இருந்து, பாத்ரூம் போய்விட்டுக் கிளம்புங்கள்.

ஊசியும் மேஜையும்

கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) போடுவோம், பெரும்பாலும் முழங்கை மடிப்பில். மருந்து ஒரு விநாடிக்கு மூன்று நான்கு மில்லி வேகத்தில் மெஷின் வழியாக ஏறும், மொத்தம் 80 முதல் 120 மில்லி. அதனால் சின்ன நரம்பில் மெல்லிய ஊசி போதாது. கீமோ எடுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நரம்பு கிடைப்பது சிரமம். எந்தக் கையில் வழக்கமாகக் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்த பக்கம், டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) வைத்த கை இரண்டிலும் குத்தவிடாதீர்கள்.

மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தோள் தூக்க முடியாதவர்கள் சொல்லுங்கள், தலையணை வைத்துச் சரிசெய்வோம். மெஷின் ஒரு பெரிய வளையம் மாதிரிதான், எம்.ஆர்.ஐ. போல நீளக் குழாய் கிடையாது, காதை அடைக்கும் சத்தமும் இருக்காது. ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று குரல் வரும். பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். சில மெஷின்களில் அந்தப் பதிவுக் குரல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். “எனக்குத் தமிழ்ல சொல்லுங்க” என்று முன்கூட்டியே கேளுங்கள். மூச்சை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இழுத்துப் பிடிப்பது முக்கியம். வீட்டில் படுத்தபடி நாலு தடவை பழகிவிட்டு வந்தால் படம் ஆடாமல் வரும்.

முதலில் மருந்தில்லாமல் ஒரு படம் எடுப்பதுண்டு. அப்புறம் மருந்து ஏறும். அந்த முப்பது விநாடியைத் தெரிந்துகொண்டு வந்தால் பாதிப் பயம் போய்விடும். கையில் ஒரு குளிர்ச்சி தொடங்கி, தொண்டையில் சூடாகப் பரவும். நாக்கில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. அந்தச் சூடு நெஞ்சு, வயிறு வழியாக இறங்கி அடிவயிற்றில் வந்து நிற்கும்.

“பாட்டி, இப்போ உடம்பெல்லாம் சூடா வரும், அசையாதீங்க” என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவேன். இருந்தாலும் எழுந்ததும் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “மக்களே, படுக்கையை நனச்சிட்டேன் போலிருக்கே” என்பார்கள். நனைந்திருக்காது. மருந்து தரும் உணர்வு அது, ஒரு நிமிஷத்தில் போய்விடும். சிலருக்கு லேசாக ஓங்கரிக்கும். மூச்சை மெதுவாக இழுத்துவிட்டால் அடங்கும்.

இது இயல்பு. இயல்பில்லாதவை: ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்ற வலி, அங்கே வீக்கம், தொண்டை அடைப்பது, மூச்சுத் திணறல், கண் இருட்டுவது, உடம்பெங்கும் அரிப்பு. இதில் எது வந்தாலும் அசையக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். வாயைத் திறந்து கூப்பிடுங்கள், கையை ஆட்டுங்கள். நாங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறோம், உடனே நிறுத்துவோம். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் கை வீங்கும். கையை உயர்த்திவைத்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். வீக்கமும் வலியும் கூடினாலோ விரல் மரத்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கதிர் பற்றி

மருந்தில் கதிர் இல்லை. அது மெஷினிலிருந்து வரும் எக்ஸ்ரே, அணைத்ததும் நின்றுவிடும். வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்கும் தாய்மார்களே, தாராளமாகத் தூக்குங்கள்.

வயிறு, இடுப்பு சேர்த்து ஒரு ஓட்டம் எடுத்தால் ஏறக்குறைய 8 முதல் 10 மில்லி சீவர்ட் (கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு வருஷத்துக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. அதாவது மூன்று நான்கு வருஷத்து இயற்கைக் கதிர் ஒரே நேரத்தில். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் நம் கடற்கரையில் சில இடங்களில் இயற்கைக் கதிரே மற்ற ஊர்களைவிட அதிகம். “அது போதாதுன்னு இதுவுமா” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: காரணத்தோடு எடுக்கும் ஒரு ஸ்கேனால் கிடைக்கும் பயன், அதன் சிறிய அபாயத்தைவிடப் பெரிது. காரணமில்லாமல், ‘எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பாப்போம்’ என்று எடுக்காதீர்கள். மூன்று ஓட்டம் எடுத்தால் கதிரும் மூன்று மடங்கை நெருங்கும். குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட் போதுமா என்று முதலில் கேளுங்கள்.

எடுத்து முடிந்தபிறகு

அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். வென்ஃப்ளானை உடனே எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஏதாவது வந்தால் மருந்து கொடுக்க அந்த வழி வேண்டும். அன்றைக்கு நன்றாகத் தண்ணீர், கஞ்சித்தண்ணீர், இளநீர் குடியுங்கள். இதயம் அல்லது கிட்னிக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னவர்கள், பொட்டாசியம் கூடியிருப்பதால் இளநீர் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் அவரவர் டாக்டர் சொன்னதை மீறாதீர்கள். மூத்திரத்தின் நிறம் மாறாது.

சிலருக்கு வீட்டுக்குப் போனபிறகு, சில மணி நேரத்திலோ ஒரு வாரத்துக்குள்ளோ தோலில் தடிப்பு வரலாம். பெரும்பாலும் லேசானது, இருந்தாலும் எடுத்த இடத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள். மூச்சுமுட்டல், முகம் வீங்குவது, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மூத்திரம் குறைந்தாலும் காட்ட வேண்டும்.

ரிப்போர்ட்டை வாங்கிக் கையில் பிரித்து, மொபைலில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பஸ்சிலேயே அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிட்னியில் சாதாரண நீர்க்கட்டி, கல்லீரலில் சின்ன ஹீமாஞ்சியோமா (புற்றல்லாத ரத்தக்குழாய்க் கட்டி) போன்றவை வேறெதையோ தேடும்போது தற்செயலாகத் தெரிவது மிகச் சகஜம், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சீட்டு எழுதிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரத்திலோ வேலூரிலோ காட்ட வேண்டி வந்தால் தகட்டில் உள்ள முழுப் படங்களைத்தான் கேட்பார்கள். அடுத்த வருஷம் மறுபடி எடுக்கும்போது பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் உதவும்.

எதிர்வினை ஏதாவது வந்திருந்தால் எந்த மருந்து, என்ன அளவு, என்ன தேதி, என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடல் தொழில் அண்ணனுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வந்தார். கவுன்டரில் ரேட் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து நீட்டினார். உப்புக்காற்றில் கவர் மங்கியிருந்தது, உள்ளே எழுத்து அழியவில்லை. ரேடியாலஜிஸ்ட் வேறு மருந்துக்கு மாற்றினார். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே மாத்திரை கொடுத்தோம். படம் எடுத்து முடித்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தடிக்கல தம்பி” என்றார். அரை மணி நேரத்துக்குப் பதில் அவரை ஒரு மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினேன்.